பவளத்தின் மேல் விழும் நங்கூரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பவளப்பாறைகளுக்கு என்ன ஆபத்து என்று கேட்டால் கடல் சூடாவது, கழிவுநீர், வெடி வைத்து மீன் பிடிப்பது என்று பலரும் சரியாகவே சொல்வார்கள். நின்றுகொண்டிருக்கும் கப்பலைச் சொல்பவர்கள் குறைவு. ஓடாமல் சும்மா நிற்கும் கப்பல் என்ன கெடுதல் செய்துவிடும் என்று தோன்றுவது இயல்புதான். அந்தச் சந்தேகத்தையொட்டி வரும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

ஒரு நங்கூரம் எவ்வளவு இடத்தில் விழுந்துவிடப் போகிறது? கடல் அவ்வளவு பெரியதாயிற்றே?

நங்கூரம் விழும் இடம் சிறியதுதான். ஒரு பெரிய கப்பலின் நங்கூரம் பத்து, பதினைந்து டன் இருக்கும். அது நேராக விழுந்தால் ஒரு சிறிய அறை அளவு இடத்தை நொறுக்கும். அதோடு முடிந்தால் இவ்வளவு பேச்சே தேவையில்லை. பெரும்பாலான சேதத்தைச் செய்வது நங்கூரத்தோடு போகும் சங்கிலி.

அந்தச் சங்கிலியைக் கிட்டே நின்று பார்த்தவர்களுக்குத்தான் அதன் அளவு புரியும். நூறு மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்பில் செய்த சங்கிலி என்றால், ஒரே ஒரு வளையம் சுமார் 60 சென்டிமீட்டர் நீளம், 80 கிலோவுக்கு மேல் எடை. ஒரு ஆள் தனியாகத் தூக்க முடியாது. இப்படிப்பட்ட வளையங்கள் கோத்த சங்கிலியை மாலுமிகள் ஷேக்கிள் கணக்கில் அளப்பார்கள். ஒரு ஷேக்கிள் 27.5 மீட்டர், எடை ஆறு டன் வரும். எட்டு ஷேக்கிள் இறக்கினால் சங்கிலி மட்டுமே ஏறக்குறைய 48 டன். அதில் பெரும்பகுதி கடல் தரையில்தான் கிடக்கும்.

ஆழம் 40 மீட்டர் என்றால் 40 மீட்டர் சங்கிலி போதாதா? எதற்கு 220 மீட்டர்?

நல்ல கேள்வி, விஷயத்தின் மையமே இதுதான். நங்கூரம் பாரத்தால் மட்டும் கப்பலைப் பிடித்து வைப்பதில்லை. அதன் கொக்கிகள் தரையில் புதைய வேண்டும், புதைந்தபின் இழுவிசை கிடைமட்டமாக வர வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அதனால்தான் ஆழத்தைப் போல நான்கைந்து மடங்கு, காற்று பலமாக இருந்தால் அதற்கும் மேல், சங்கிலியை விட்டுத் தரையில் படுக்க வைக்கிறார்கள். கிடக்கும் சங்கிலியின் கனமும் உராய்வும்கூடக் கப்பலைப் பிடித்து வைப்பதில் பங்கெடுக்கின்றன.

இப்போது காற்றும் நீரோட்டமும் திசை மாறட்டும். கப்பல் நங்கூரத்தை மையமாக வைத்து மெல்லத் திரும்பும். தரையில் கிடக்கும் சங்கிலியும் விளக்குமாறு போலப் பெருக்கிக்கொண்டே கூட வரும். 40 மீட்டர் ஆழத்தில் 220 மீட்டர் சங்கிலி விட்ட கப்பல் முழு வட்டம் சுற்றினால், அந்த வட்டத்தின் பரப்பு சுமார் 36 ஏக்கர். அது உச்சவரம்பு. அமைதியான நாளில் சங்கிலி முழுவதும் விறைப்பாக நீண்டிருக்காது, பெருக்கப்படும் இடம் குறைவாகவே இருக்கும். ஆனால் ஒரு கப்பல் ஒரு வாரம் நின்றால் காற்று எத்தனை முறை திசை மாறும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் இன்னொன்று உண்டு. அலையில் கப்பலின் முன்பகுதி ஏறி இறங்கும்போது, சங்கிலி தரையைத் தொடும் பகுதியும் எழுந்து எழுந்து விழும். உரலில் உலக்கை போடுவது மாதிரி, ஒரே இடத்தில், மணிக்கணக்காக. அந்த இடத்தில் கிளைப் பவளம் இருந்தால் மாவாகிவிடும்.

பவளப்பாறை என்பது பாறைதானே? கல் உடைந்தால் என்ன நஷ்டம்?

பெயர்தான் நம்மைக் குழப்புகிறது. பாறை போலத் தெரிவது கோடிக்கணக்கான சின்னஞ்சிறு உயிரிகள் சுண்ணாம்பைச் சுரந்து கட்டிய வீடு. உயிர் இருப்பது மேற்பரப்பில் ஒரு மெல்லிய தோலாக மட்டும். அதற்குக் கீழே முன்பு வாழ்ந்தவை விட்டுப்போன கட்டடம்.

மூளை வடிவப் பவளம் போன்ற பருமனான இனங்கள் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும், சில அதைவிடக் குறைவு. ஆக ஒரு மீட்டர் உயரமுள்ள மேடு என்றால் ஏறத்தாழ நூறு வருட உழைப்பு. சங்கிலி அதை உருட்டிவிட ஒரு நொடி போதும். கிளைப் பவளங்கள் வருடத்துக்குப் பத்து சென்டிமீட்டர்கூட வளரும், ஆனால் அவைதான் முதலில் முறியும்.

உடைந்ததோடு விஷயம் முடிவதில்லை. சில்லுகள் தரையில் கிடந்து அலையோடு உருளும். அவற்றின் மேல் புதிதாக ஒட்டி வளரப் பார்க்கும் குஞ்சுப் பவளம் புரட்டப்பட்டு, தேய்ந்து, செத்துவிடும். அந்தச் சில்லுகள் பக்கத்தில் நல்லபடியாக இருக்கும் பவளத்தையும் உரசும். கூடவே சங்கிலி கிளப்பிய வண்டல் மேலே படிந்து மூச்சை அடைக்கும். அதனால் கப்பல் போய் வெகுநாள் ஆனபிறகும் சேதம் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும்.

இதெல்லாம் கணக்கெடுத்துப் பார்த்த விவரமா, யூகமா?

கணக்கெடுத்ததுதான். இரண்டு சம்பவங்கள் இந்தத் துறையில் திரும்பத் திரும்பப் பேசப்படுபவை.

ஒன்று கரீபியக் கடலில் உள்ள கிராண்ட் கேமன் தீவு. அங்கே சுற்றுலாக் கப்பல்கள் ஊருக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும், பயணிகள் சிறு படகில் கரைக்குப் போவார்கள். 1980-களில் ஒரே ஒரு கப்பல் ஒரே ஒரு நாள் நின்றதால் அழிந்த பவளப்பரப்பை அளந்தார்கள்: 3,150 சதுர மீட்டர். முக்கால் ஏக்கருக்கு மேல். அது திரும்ப உருவாக ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகும் என்று மதிப்பிட்டார்கள்.

இன்னொன்று அமெரிக்க வர்ஜின் தீவுகளில் உள்ள செயின்ட் ஜான். 1988 அக்டோபரில் ‘விண்ட் ஸ்பிரிட்’ என்ற பாய்மரச் சுற்றுலாக் கப்பல், தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் பவளத்தின் மேல் நங்கூரத்தைப் போட்டது. பெரிய கப்பல்கூட இல்லை, நீளம் 134 மீட்டர்தான். அது கிழித்த வடு 128 மீட்டர் நீளம், சுமார் 3 மீட்டர் அகலம், 22 மீட்டர் ஆழத்திலிருந்து 6 மீட்டர் ஆழம் வரை ஏறி வந்தது. ஆராய்ச்சியாளர்கள் அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய், பத்து வருடங்களுக்குமேல் அளந்துகொண்டே இருந்தார்கள். சொல்லிக்கொள்ளும்படியாக எதுவும் மீளவில்லை. புதிதாக ஒட்டிய பவளங்கள் தென்பட்டன, ஆனால் நிலைக்கவில்லை.

எனக்கு இரண்டாவது சம்பவம்தான் அதிகம் உறைக்கிறது. முதலாவதில் எண் பெரியது, ஆனால் இரண்டாவதில்தான் பத்து வருடக் காத்திருப்பு இருக்கிறது.

கேப்டனுக்கு இது தெரியாதா? தெரிந்தே போடுகிறார்களா?

பெரும்பாலும் இல்லை. பவளத்தின் மேல் நங்கூரம் போட எந்தக் கேப்டனுக்கும் ஆசை கிடையாது. சேறும் களிமண்ணும் தரும் பிடி அங்கே கிடைக்காது. சில நேரம் நங்கூரம் பவள இடுக்கில் மாட்டிக்கொண்டு வெளியே வரவே வராது. தொழில் தெரிந்தவர் தன் வசதிக்காகவே அதைத் தவிர்ப்பார்.

பிறகு எப்படி நடக்கிறது? முதல் காரணம் வரைபடம். கடல் வரைபடத்தில் தரை எப்படிப்பட்டது என்பதை ஓரிரு எழுத்தில் குறித்திருப்பார்கள்: மணலுக்கு ஒன்று, சேற்றுக்கு ஒன்று, பவளத்துக்கு ஒன்று. ஆனால் உலகின் பல பகுதிகளில் அந்தக் குறிப்புகள் மிகப் பழையவை. ஈயக் குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, குண்டின் அடியில் உள்ள குழியில் கொழுப்பைத் தடவி, அதில் ஒட்டி வந்தது மணலா சிப்பியா என்று பார்த்து எழுதிய காலத்தவை. குண்டு விழுந்த இடத்தில் மணல் ஒட்டியிருக்கும். ஐம்பது மீட்டர் தள்ளிப் பவளமேடு இருந்தால் அது வரைபடத்தில் ஏறியிருக்காது.

இரண்டாவது காரணம் இன்னும் சங்கடமானது. சில இடங்களில் துறைமுகமே ‘இங்கே நிற்கலாம்’ என்று குறித்துக் கொடுத்த நிறுத்துமிடம் பவளத்துக்கு மிக அருகில் இருந்தது. அமெரிக்காவின் புளோரிடாவில் போர்ட் எவர்கிளேட்ஸ் துறைமுகத்துக்கு வெளியே அப்படித்தான். பவளத் திட்டுகளுக்கு நடுவே கப்பல்கள் காத்திருந்தன, காற்று மாறும்போது இழுபட்டுப் போய்ப் பவளத்தில் மோதின, நங்கூரங்கள் பவளத்தை உழுதன. பல சம்பவங்களுக்குப் பிறகு 2008-இல்தான் அந்த நிறுத்துமிடத்தை மாற்றி அமைத்தார்கள். அதுவரை அங்கே நின்ற கேப்டன்கள் விதிப்படி நின்றவர்கள்தான். அவர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை.

பெரிய கப்பல்கள் ஆழமான இடத்தில்தானே நிற்கும்? பவளம் கரையோரத்தில்தானே இருக்கும்?

பவளம் என்றால் முழங்கால் அளவு தண்ணீரில், வெயில் பளபளக்க, வண்ண மீன்கள் சுற்ற என்றுதான் படங்களில் பார்க்கிறோம். ஆனால் 30 மீட்டருக்குக் கீழே மங்கிய வெளிச்சத்தில் வாழும் பவளக் கூட்டங்களும் உண்டு. தெளிவான நீரில் 100 மீட்டரைத் தாண்டியும் அவை இருக்கும். பொழுதுபோக்காக முக்குளிப்பவர்களின் எல்லை 40 மீட்டர். பெரிய கப்பலின் நங்கூரம் அதற்கும் கீழே வசதியாகப் போகும். நங்கூரத்தைத் தூக்கும் விண்ட்லாஸ் இயந்திரம் 82.5 மீட்டர் ஆழத்திலிருந்து தூக்கும் திறனோடு இருக்க வேண்டும் என்பது கப்பல் கட்டும் விதி.

ஆக நங்கூரம் எட்டும் ஆழமும் இந்த மங்கல் பவளம் வாழும் ஆழமும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்க ஆள் போவதில்லை. நடந்த சேதத்தில் எவ்வளவு கணக்கில் வராமல் போயிருக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

கப்பல்கள் எதற்காக அப்படி நாள்கணக்கில் நிற்கின்றன?

துறைமுகத்தில் இடம் கிடைக்காததால். அதைவிட உண்மையான பதில்: ஒப்பந்தத்தால்.

சரக்குக் கப்பல் உலகில் ‘வந்துவிட்டேன், தயார்’ என்று கப்பல் முறைப்படி அறிவித்த நேரத்திலிருந்துதான் சரக்கு ஏற்றி இறக்குவதற்கான நேரக் கணக்கு ஓடத் தொடங்கும். தாமதமானால் அதற்கான பணமும் அந்த நேரத்தை வைத்தே. பல துறைமுகங்களில் முதலில் வந்தவருக்கு முதல் இடம். அதனால் எரிபொருளை எரித்து முழு வேகத்தில் ஓடி வந்து, பிறகு ஒரு வாரம் நங்கூரத்தில் தூங்குவதுதான் லாபகரமான வழியாகிவிடுகிறது. மெதுவாக வந்து சரியான நேரத்தில் சேருங்கள், உங்கள் வரிசை எண் பறிபோகாது என்று துறைமுகமும் சரக்குக்காரரும் ஒத்துக்கொண்டால், நிற்கும் கப்பல்கள் குறையும், எரிபொருளும் மிச்சம். இந்த முயற்சிகளைத் தொடங்க வைத்தது எரிபொருள் செலவுதான். பவளம் அதில் இலவசமாகப் பயனடைகிறது.

காசை மிச்சம் பிடிக்க நின்ற கதையும் உண்டு. கரீபியக் கடலில் சாபா தீவுக்குப் பக்கத்தில் சாபா திட்டு என்ற மிகப்பெரிய நீரடி மேடு இருக்கிறது, மேலே பவளம். பக்கத்துத் தீவான செயின்ட் யூஸ்டேஷியஸில் எண்ணெய் முனையம். அங்கே போக வேண்டிய டேங்கர்கள் கட்டணம் கொடுக்காமல் இந்தத் திட்டின் மேல் நங்கூரம் போட்டுக் காத்திருந்தன. சிங்கி இறால் பிடிக்க உள்ளூர் மீனவர்கள் போட்டிருந்த கூடுகளும் கப்பல் போக்குவரத்தில் தொலைந்தன. 2012-இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு அதைச் சிறப்புப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்து, நங்கூரமிடத் தடையும் விதித்தது.

தரைதட்டுவதும் இதுவும் ஒன்றா?

இல்லை. தரைதட்டினால் செய்தி வரும், படம் வரும், வழக்கு வரும். 2010 ஏப்ரலில் ‘ஷென் நெங் 1’ என்ற நிலக்கரிக் கப்பல் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் டக்ளஸ் திட்டின் மேல் ஏறியது. வழக்கு 2016-இல் சுமார் 39 மில்லியன் ஆஸ்திரேலிய டாலருக்கு முடிந்தது. நங்கூரச் சேதத்துக்கு இப்படி ஒரு நாள், ஒரு படம் அமைவது அபூர்வம். கப்பல் நங்கூரத்தைத் தூக்கிவிட்டுப் போய்விடும்.

சட்டம் எதுவும் தடுப்பதில்லையா?

தடுக்கிறது, ஆனால் எந்தக் கடலில் என்பதைப் பொறுத்து. கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் கரைநாட்டின் சட்டம் நேரடியாகச் செல்லும். அதைத் தாண்டினால் வெளிநாட்டுக் கப்பலிடம் ‘இங்கே நங்கூரம் போடாதே’ என்று ஒரு நாடு தனியாகச் சொல்வது கடினம்.

மெக்சிகோ வளைகுடாவில் உள்ள ஃபிளவர் கார்டன் பேங்க்ஸ் இதற்கு நல்ல உதாரணம். டெக்சாஸ் கரையிலிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, தரைக்கடியில் புதைந்த உப்புக் குவியல்கள் மேலே தள்ளியதால் உயர்ந்த மேடுகளின் உச்சியில் பவளம் வளர்ந்திருக்கிறது. சுற்றிலும் ஆழம், நடுவில் மேடு. நங்கூரம் போட இடம் தேடும் கப்பலுக்கு இதைவிட வசதி வேறில்லை. அமெரிக்கா 1992-இல் சரணாலயமாக அறிவித்தும் வெளிநாட்டுக் கப்பல்களைக் கட்டுப்படுத்துவது சிக்கலாகவே இருந்தது. சர்வதேசக் கடல்சார் அமைப்பிடம் போய், எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் பொருந்தும் ‘நங்கூரமிடத் தடை’ப் பகுதி என்று வரைபடத்திலேயே குறிக்க வைத்தார்கள். 2001-இல் நடைமுறைக்கு வந்தது. பவளத்துக்காக அப்படிக் குறித்த முதல் இடம் அதுதான்.

என் பார்வையில் இதுதான் மிகவும் மலிவான மருந்து. வரைபடத்தில் ஒரு கோடு, ஒரு குறி. கேப்டன் அதைப் பார்த்ததும் தள்ளிப் போய் நிற்பார். விதி பிடிக்கும் பிடிக்காது என்பதெல்லாம் அப்புறம். வரைபடத்தில் இருப்பதை மீறினால் காப்பீடு முதற்கொண்டு எல்லாம் அவர் தலையில் விழும். உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் நங்கூரம் போடுவது மட்டும் விதிவிலக்கு. அது நியாயமானதும்கூட.

மிதவை கட்டி அதில் கப்பலைக் கட்டினால் போதாதா?

சிறிய படகுகளுக்கு அற்புதமான தீர்வு. 1981-இல் புளோரிடாவின் கீ லார்கோவில் ஜான் ஹாலஸ் என்பவர், தரைப்பாறையில் துளையிட்டு இரும்புக் கம்பியைச் சிமெண்டில் பதித்து, அதிலிருந்து மிதவைக்குக் கயிறு கட்டும் முறையை உருவாக்கினார். முக்குளிப்புப் படகுகள் நங்கூரம் போடாமல் அந்தக் கயிற்றைப் பிடித்துக் கட்டிக்கொள்ளும். இன்று உலகின் பல கடல் பூங்காக்களில் இதுதான் வழக்கம்.

முந்நூறு மீட்டர் கப்பலுக்கு அது தாங்காது. சுற்றுலாக் கப்பல்களில் சில நங்கூரமே போடாமல், பக்கவாட்டு உந்திகளை ஓட்டி ஒரே இடத்தில் மிதந்துகொண்டு பயணிகளை இறக்குகின்றன. எரிபொருள் செலவு உண்டு, ஆனால் தரையில் எதுவும் படாது. நிரந்தரக் கப்பல் துறை கட்டினால் என்ன என்றால், அதற்குத் தரையைத் தோண்ட வேண்டும், அதிலும் பவளம் போகும். கேமன் தீவுகளில் இந்த வாக்குவாதம் வருடக்கணக்கில் நடந்து, 2025 ஏப்ரலில் மக்கள் வாக்கெடுப்பு வரை போனது. கப்பல் துறை வேண்டாம் என்றே பெரும்பான்மையினர் வாக்களித்தார்கள்.

சிறிய படகுகள் போடும் நங்கூரம்?

அதுவும் கெடுதல்தான். ஒவ்வொன்றும் சிறிய காயம், ஆனால் ஒரே இடத்தில் தினமும் பத்துப் படகு என்றால் கணக்கு ஏறும். மணல் தெரியும் இடம் பார்த்துப் போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

உடைந்த பவளத்தை ஒட்ட முடியுமா?

ஓரளவுக்கு முடியும், சீக்கிரம் போனால். கவிழ்ந்து கிடக்கும் பவளத்துக்கு வெளிச்சம் கிடைக்காது, அப்படியே விட்டால் செத்துவிடும். முக்குளிப்பவர்கள் இறங்கி அவற்றை நிமிர்த்துவார்கள். சிமெண்டைப் படகிலேயே குழைத்துப் பையில் கட்டிக் கீழே கொண்டுபோய், பாறையைத் தேய்த்துச் சுத்தம் செய்து, ஒரு உருண்டை வைத்து அதன்மேல் பவளத்தை அழுத்திப் பிடிப்பார்கள். சின்னத் துண்டுகளுக்கு எபாக்சி பசை. உருளும் சில்லுகளை அள்ளி அப்புறப்படுத்துவதும் அதே அளவு முக்கியமான வேலை.

பிழைக்கும் துண்டுகள் உண்டு. ஆனால் பொடியாகிப் போனதை ஒட்ட வழியில்லை, 50 மீட்டர் ஆழத்தில் இந்த வேலையைச் செய்வது மிகவும் கடினம். ‘உடைந்தால் என்ன, சரிசெய்துவிடலாம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கடல் சூட்டில் பவளமே வெளிறிப் போகும் காலத்தில் இதைப் பற்றிக் கவலைப்படுவது அதிகப்படி இல்லையா?

அளவில் ஒப்பிட்டால் நங்கூரம் மிகச் சிறியது, அதில் சந்தேகமில்லை. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது பவள வெளிறல் அறிவிக்கப்பட்டது. உலகப் பவளப்பரப்பில் 80 சதவீதத்துக்கும் மேலான பகுதி, வெளிறச் செய்யும் அளவு வெப்பத்தைச் சந்தித்தது. எந்த நங்கூரமும் அதற்கு ஈடாகாது.

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வெளிறிச் செத்தாலும் கட்டடம் கொஞ்ச காலம் நிற்கும். மீன்கள் ஒளிய இடம் இருக்கும், புதுப் பவளம் ஒட்டப் பிடிமானம் இருக்கும். சங்கிலி அந்தக் கட்டடத்தையே தரைமட்டமாக்கிவிடுகிறது. தவிர, கடலின் சூட்டைக் குறைக்க உலகமே கூடிப் பேச வேண்டும். நங்கூரத்தை ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போட ஒரு துறைமுக அதிகாரி நினைத்தால் போதும்.

நான் முக்குளிக்கப் போகும் இடத்தில் பவளத்தின் மேல் ஒரு கப்பல் நின்றால் என்ன செய்யலாம்?

முதலில், சங்கிலிக்குப் பக்கத்தில் இறங்காதீர்கள். கப்பல் எப்போது வேண்டுமானாலும் திரும்பும்.

கப்பலின் பெயர், தேதி, நேரம், நீங்கள் நிற்கும் இடத்தின் ஜிபிஎஸ் அளவு, இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சங்கிலி எந்தத் திசையில் போகிறது என்று தெரியும்படி மேலிருந்து ஒரு படம். பிறகு துறைமுக அதிகாரியிடமோ கடல் பூங்கா அலுவலகத்திலோ கொடுங்கள். ‘நான் அங்கே நிற்கவே இல்லை’ என்று கப்பல் தரப்பு எளிதில் மறுக்க முடியாது. சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் தங்கள் இருப்பிடத்தைத் தானியங்கிக் கருவி மூலம் ஒலிபரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நங்கூரத்தில் சுற்றிய கப்பலின் தடம் அந்தப் பதிவில் ஒரு வட்டமாகவோ பிறை வடிவமாகவோ அப்படியே விழுந்திருக்கும்.

முடிந்தால் பின்புறத்தில் எழுதியிருக்கும் ஏழு இலக்க ஐஎம்ஓ எண்ணையும் (சர்வதேசக் கடல்சார் அமைப்பின் அடையாள எண்) குறித்துக்கொள்ளுங்கள். கப்பல் கைமாறும்போது பெயர் மாறும், கொடி மாறும், சாயம்கூட மாறும். அந்த எண் மாறாது.